அவசர மருத்துவம் படிக்கப் பாடநூலா, கேஸா?

அவசர மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த முதல் ஆறு மாதங்கள் பெரிய பாடநூலை அத்தியாய வரிசையில் படித்தேன். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, நோயாளியின் வரலாற்றில் தொடங்கிப் படிப்படியாக விரியும் கேஸ்களின் வழியே படிக்கத் தொடங்கினேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், இளையவர்கள் கேட்டால் இரண்டாவது வழியையே சொல்கிறேன்.

பாடநூலின் முழுமையும் ஒழுங்கும் தேர்வுப் பயனும் எல்லோரும் அறிந்தவை. என் முடிவை மாற்றியது ஒன்றே ஒன்று: பாடநூலில் நோயின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது, கேஷுவாலிட்டி வாசலில் நோயாளியோடு அந்தப் பெயர் வருவதில்லை.

கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்வோம். பாம்புக்கடி அத்தியாயத்தைப் படிப்பவர், கடித்த தடம் தெரியாமலும் வலி இல்லாமலும் இருக்கக்கூடும் என்ற வரியை அடிக்கோடிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதையே கேஸாகப் படிக்கும்போது முதலில் கிடைப்பது இவ்வளவுதான்: தரையில் படுத்து உறங்கிய 14 வயதுச் சிறுவன் விடியற்காலை 4 மணிக்கு வயிற்றுவலியோடும் வாந்தியோடும் எழுந்திருக்கிறான்; காய்ச்சல் இல்லை, உடலில் காயம் எதுவும் தெரியவில்லை. இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட்டு, அடுத்து என்ன செய்வோம் என்பதை எழுத வேண்டும். வாந்திக்கு மருந்து, சலைன், வயிற்று ஸ்கேன் என்று நான் எழுதினேன். அடுத்த பகுதியில் கண்ணிமைகள் சரிகின்றன, எச்சிலை விழுங்க முடியவில்லை, 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையோ இயல்பாக வருகிறது. விரியன்களில் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இரத்த உறைவைக் கெடுப்பதைக் காட்டும் சோதனை அது, நரம்பைத் தாக்கும் நஞ்சைக் காட்டாது என்பதை நூலில் படித்திருந்தும், 'இயல்பு' என்ற சொல்லைக் கண்டதும் என் மனம் பாம்பைக் கைவிட்டுவிட்டது. ஆக்சிஜன் அளவு 98 சதவீதம் இருக்கும்போதே, ஒரே மூச்சில் அவனால் 8 வரைதான் எண்ண முடிகிறது என்ற வரியைப் படித்த பிறகுதான், மூச்சுத் தசைகள் தளர்ந்து, சுவாசக் குழாய் பொருத்தும் நேரம் நெருங்கிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றியும் இமை உயரவில்லை; கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால், அது மீளும்வரை நாட்கணக்கில் வென்டிலேட்டர்தான் அவனைக் காக்கிறது.

எந்தத் தகவல் எப்போது கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு நான் எங்கே தவறாகத் திரும்பினேன் என்ற அந்த வரிசை இன்றும் நினைவில் நிற்கிறது. அடிக்கோடிட்ட வரி நிற்கவில்லை. ஆனால் இந்தப் பலன், ஒவ்வொரு பகுதியிலும் நின்று தன் முடிவை எழுதிவைப்பவருக்கே கிடைக்கும். விடையை முன்னதாகப் பார்த்துவிடுபவருக்குக் கேஸ் என்பது குறைபாடுள்ள ஒரு பாடநூல்தான்.

கேஸ் வழிக்குக் குறைகள் உண்டு. தொகுப்பவர்கள் திருப்பம் உள்ள அரிய நோய்களை விரும்புவதால், அவற்றை மட்டுமே படிப்பவர் சாதாரண நெஞ்செரிச்சலிலும் பெருநாடிக் கிழிசலைத் தேடத் தொடங்குவார். வெளிநாட்டுத் தொகுப்புகளில் நம் பிரிவுகளில் அடிக்கடி காணும் பூச்சிமருந்து நஞ்சு அரிதாகவே இடம்பெறுகிறது. அதனால் பணியில் கண்டவற்றை, பெயரும் ஊரும் நீக்கி, நாங்களே நான்கு பகுதிகளாக எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம். மருந்தளவுகளும் கேஸ் வழியாக மனத்தில் பதிவதில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நஞ்சில், அதற்கு முறிவாகத் தரும் அட்ரோபினை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். நிறுத்துமிடத்தைக் கண்மணியின் அளவை வைத்து முடிவு செய்யாமல், நுரையீரலில் சளிச்சத்தம் அடங்குவதையும் நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டுவதையும் இரத்த அழுத்தம் தேறுவதையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். இதைப் பாடநூலின் அட்டவணையிலிருந்துதான் கற்றேன். ஒவ்வொரு கேஸை முடித்ததும் அதற்குரிய அத்தியாயத்தைப் படிப்பதை இன்றும் விடவில்லை.

பொம்மையை வைத்து நடத்தும் சிமுலேஷன் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டு குறுகிய பயிற்சிகளில்தான் கலந்துகொண்டேன். இதயம் நின்ற வேளையில் குழுவாகப் பேசிச் செயல்படுவதற்கு அது உதவியது. குழந்தைகள் பிரிவில் என் அனுபவம் சில வாரப் பணியோடு நிற்கிறது. அங்கே ஒவ்வொரு மருந்தும் எடையைப் பொறுத்துக் கணக்கிடப்படுவதால், பாடநூலில் தொடங்குவதே பாதுகாப்பாக இருக்கக்கூடும்.