"அக்டோபர் வரை பொறுங்க" என்றார் மெடிகேர் ஏஜெண்ட்

அமெரிக்காவில் 65 வயதை நெருங்குகிறவர்களும், அப்பா அம்மாவுக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பார்த்துக் கொடுக்கிற பிள்ளைகளும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மெடிகேர் தொடங்கியது ஒரு ஆகஸ்டில். அதில் டாக்டர் செலவைப் பார்க்கிற பார்ட் பி என்கிற பகுதி பெரும்பாலும் 80 சதவீதம்தான் கொடுக்கும், மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது என்று தெரியும். அந்த ஓட்டையை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கிற மெடிகேப் என்கிற துணை பாலிசி வேண்டும் என்றுதான் ஏஜெண்டிடம் போனேன். "எதுக்கு சார் மாசாமாசம் தண்டமா கட்டணும்? இதுல பிரீமியமே இல்ல, பல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து வருது" என்று அட்வான்டேஜ் பிளானில், அதாவது பழைய மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்துகிற பிளானில், சேர்த்துவிட்டார். பல் வைத்தியத்துக்கு மயங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். பார்ட் பி பிரீமியத்தை எப்படியும் கட்டத்தான் வேண்டும் என்பதுகூடப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஜூனில் நெஞ்சுவலி, ஸ்டென்ட். எனக்கு வேண்டிய இதய டாக்டர் அந்த பிளானின் நெட்வொர்க்கில், அதாவது அவர்கள் ஒப்பந்தம் வைத்த டாக்டர்கள் பட்டியலில், இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் அனுமதி கேட்டுக் காத்திருந்தேன். வெறுத்துப்போய் ஏஜெண்டுக்கு போன் போட்டு, மெடிகேப்புக்கு மாறலாமா என்று கேட்டேன். "மாத்துறதெல்லாம் அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7 வரைதான். அக்டோபர் வரை பொறுங்க."

பொறுத்தேன். அக்டோபரில் மூன்று மெடிகேப் கம்பெனிகளில் விண்ணப்பித்தால் சர்க்கரை உண்டா, ஸ்டென்ட் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. மூன்று கம்பெனிகளும் கைவிரித்துவிட்டன. பழைய மெடிகேருக்குத் திரும்ப எனக்குத் தடையில்லை. ஆனால் அந்த 20 சதவீதத்துக்குத் துணை ஏதும் இருக்காது.

அப்புறம்தான் ஷிப் என்கிற இலவச ஆலோசனை மையத்துக்குப் போனேன். எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, பாலிசி விற்க மாட்டார்கள். அங்கிருந்த அம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஜூனிலேயே வந்திருக்கக் கூடாதா?" என்றார். 65 வயதில் மெடிகேர் தொடங்கும்போதே அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் முதல் 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாமாம். அப்போது மெடிகேப் கம்பெனி உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நான் போன் செய்த அன்று எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஏஜெண்டுக்கு இது தெரியாதா, தெரிந்தே மறைத்தாரா? கேட்டால் போனை எடுப்பதில்லை.

65 வயதாகி பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம் வரையும் இப்படித்தான், மெடிகேப்பை யாரும் மறுக்க முடியாது. அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி வைத்ததுதான் சட்டம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் எப்போதும் வாங்கலாம்.

அட்வான்டேஜில் சேர்ந்து 12 மாதம் ஆகாதவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஏஜெண்டைக் கேட்காதீர்கள். 1-800-633-4227, மெடிகேரின் சொந்த எண். இன்றே கூப்பிடுங்கள்.