லைட்னர், எஸ்எம்-2, எஃப்எஸ்ஆர்எஸ்: ஒரு மாதம் காணாமல் போனவரை எது சமாளிக்கும்?

மொழி படிக்கிறவர்களுக்காக ஃபிளாஷ் கார்டு ஆப் எழுத உட்காருகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்கிற இடம், எந்தக் கார்டை என்றைக்குத் திரும்பக் காட்டுவது என்பதுதான். கையில் மூன்று வழி இருக்கிறது: லைட்னர் பெட்டி, எஸ்எம்-2, எஃப்எஸ்ஆர்எஸ். எது துல்லியமானது என்று இவற்றை மோதவிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். தினமும் ஒழுங்காக வருகிற ஆளுக்கு மூன்றுமே ஓரளவு வேலை செய்யும், வித்தியாசம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பரீட்சை, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று நடுவில் காணாமல் போய் ஒருநாள் திரும்ப ஆப்பைத் திறக்கிற ஆளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த ஒரு நாளை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

லைட்னரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1970-களின் தொடக்கத்தில் செபாஸ்டியன் லைட்னர் ஜெர்மனியில் பரப்பிய முறை. பெட்டியில் ஐந்து அறை, அறை தள்ளத் தள்ளக் கார்டு திரும்ப வருகிற இடைவெளி கூடும். சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்கு நகரும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். ஒரு மாலையில் எழுதிவிடக்கூடிய நிரல், பயனருக்கும் என்ன நடக்கிறது என்று பார்த்ததும் புரியும். ஆனால் அதற்குத் தாமதம் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றாம் அறைக் கார்டை ஒரு மாதம் தள்ளி வந்து ஒருவர் பளிச்சென்று சொன்னாலும் அது நான்காம் அறைக்குத்தான் போகும். பிள்ளைகளுக்கான ஆப், அட்டையில் அச்சடித்த கார்டு, வகுப்பறை இவற்றுக்குத் தாராளமாகப் போதும். வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான சொற்களைச் சேர்க்கப் போகிறவருக்குப் போதாது.

எஸ்எம்-2 போலந்துக்காரர் பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் சூப்பர்மெமோ என்ற மனப்பாட மென்பொருளுக்காக எழுதியது. முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அப்புறம் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை அந்தக் கார்டின் சுலப எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 2.5-இல் தொடங்குகிறது, 1.3-க்குக் கீழே இறங்காது. ஆக 1, 6, 15, 38 என்று போகும். அழகான சூத்திரம், பத்துப் பதினைந்து வரி.

இப்போது நம் ஆளைக் கொண்டுவருவோம். 15 நாளில் வரவேண்டிய கார்டை 45 நாள் கழித்துப் பார்க்கிறார், சரியாகவும் சொல்லிவிடுகிறார். மூல எஸ்எம்-2 கணக்கில் அடுத்த இடைவெளி 15 பெருக்கல் 2.5, அதாவது 38 நாள். 45 நாள் தாங்கிய சொல்லை 38 நாளில் கேட்பதில் என்ன அர்த்தம்? ஆன்கி என்ற பிரபல ஃபிளாஷ் கார்டு ஆப்பில் பதிலுக்கு 'அகெய்ன்' (மறந்துவிட்டது), 'ஹார்ட்', 'குட்', 'ஈஸி' என்று நான்கு பட்டன். அதன் பழைய முறை இதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்தது: 'குட்' அழுத்தினால் தாமதத்தில் பாதியைச் சேர்த்துப் பெருக்கும், 75 நாள் வரும். எஸ்எம்-2 எழுதப் போகிறீர்கள் என்றால் குறைந்தபட்சம் இந்த ஒட்டையாவது போட்டுவிடுங்கள். ஆன்கியின் அதே முறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'அகெய்ன்' அழுத்தினால் சுலப எண் 0.20 குறையும், 'ஹார்ட்' அழுத்தினால் 0.15 குறையும், ஏற்றுவதற்கு 'ஈஸி' ஒன்றுதான் வழி. 'ஈஸி'யைத் தொடவே கூச்சப்படுகிறவர்களின் கார்டுகள் அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டு, மனப்பாடமான பிறகும் வந்து வந்து கழுத்தறுக்கும்.

எஃப்எஸ்ஆர்எஸ் வேறு மாதிரி யோசிக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் அதன் கடினம், நினைவின் உறுதி, இந்த நிமிடம் நினைவிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மூன்று எண்கள். 45 நாள் கழித்தும் சரியாகச் சொன்னால், வாய்ப்பு அவ்வளவு இறங்கியிருந்தும் நினைவிருந்ததே என்று உறுதியைக் கூடுதலாக ஏற்றும். தாமதத்துக்குத் தனி ஒட்டு தேவையில்லை. குவிந்து கிடக்கிற கார்டுகளையும் நினைவு வாய்ப்புப்படி வரிசைப்படுத்தி இன்றைக்கு நாற்பது மட்டும் என்று கொடுக்கலாம், முந்நூறைக் கொட்டி ஆளை விரட்ட வேண்டியதில்லை. ஆன்கியில் இது 2023-இன் 23.10 பதிப்பில் உள்ளேயே வந்துவிட்டது. பைத்தான், ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் மூன்றிலும் திறமூல நூலகம் இருக்கிறது, நீங்கள் கணிதம் எழுத வேண்டாம்.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, நினைவு இலக்கு, அதாவது கார்டு திரும்ப வரும் நாளில் அது நினைவிருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று நாம் வைக்கிற அளவு. வழக்கமான அளவு 90 சதவீதம். அதை 95 ஆக்கினால், எஃப்எஸ்ஆர்எஸ் 4.5 பதிப்பின் மறதி வளைவில், 10 நாள் இடைவெளி 5 நாளுக்கும் கீழே சுருங்கிவிடும், வேலை இரட்டிப்புக்கு மேல். இந்த ஸ்லைடரைப் புதுப் பயனரின் முகப்பில் வைக்காதீர்கள், எல்லோரும் ஆசைப்பட்டு மேலே தள்ளுவார்கள்.

இரண்டாவது, பட்டன். எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கில் 'ஹார்ட்' என்றால் நினைவிருந்தது, ஆனால் கஷ்டப்பட்டது என்று பொருள். மறந்துபோனதற்கு 'ஹார்ட்' அழுத்துகிற பழக்கம் இருந்தால் கணக்கு மொத்தமும் கோணலாகிவிடும். அதனால் இரண்டே பட்டன் போதும் என்பது என் கட்சி: மறந்துவிட்டது, நினைவிருக்கிறது. "பாதி நினைவிருந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். ஜெர்மன் பெயர்ச்சொற்களில் இது தினசரிப் பிரச்சினை. கரண்டி 'டெர் லோஃபெல்', முள்கரண்டி 'டி காபெல்', கத்தி 'தஸ் மெஸ்ஸர்'. ஒரே மேசையில் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்று மூன்று இலக்கணப் பால், முன்னால் வரும் டெர், டி, தஸ்தான் அதைக் காட்டும். 'காபெல்' ஞாபகம் வந்து 'டி' வராவிட்டால் அது பாஸா, ஃபெயிலா? எஸ்எம்-2 இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் வைத்தது, ஒருவரே இன்று 3 போடுவார், நாளை 2 போடுவார். கார்டையே இரண்டாக உடைப்பதுதான் சரி: சொல்லுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, ஒரே நாளில் இரண்டும் வராதபடி. பால் தெரியாதவருக்குப் பால் கார்டு மட்டும் அடிக்கடி வரும், சொல் பாட்டுக்கு நகர்ந்து போகும்.

ஆகவே புதிதாக எழுதுகிறவர்களுக்கு எஃப்எஸ்ஆர்எஸ் நூலகம், இரண்டு பட்டன், 90 சதவீதம். ஏற்கெனவே எஸ்எம்-2-வில் ஓடுகிற ஆப் என்றால் உடனே மாற்ற அவசரமில்லை, ஆனால் எந்தக் கார்டு, எப்போது, எந்தப் பட்டன் என்கிற ரிவ்யூ பதிவை இன்றைக்கே சேமிக்கத் தொடங்குங்கள். கடைசி இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு பழைய வரலாற்றை அழிக்கிற ஆப்களில், பின்னால் மாறும்போது ஒவ்வொரு கார்டின் உறுதியையும் குத்துமதிப்பாகத்தான் போட வேண்டியிருக்கும்.