இரண்டாவது தடவையும் வேலை போனால்: சொக்சோவா, இபிஎஃபா, கிடைத்த வேலையா?

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எட்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள்குறைப்பு செய்தபோது எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. அடுத்த கம்பெனியில் பதினான்காவது மாதம் அதே மாதிரி ஒரு கடிதம் வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 20 நாள் சம்பளம், 2 வருடம் நிரம்பாதவருக்கு 10 நாள்தான். சம்பளம் 3,000 ரிங்கிட் என்றால் முதல் தடவை கையில் 16,000 வாக்கில் நிற்கும், இரண்டாவது தடவை 1,150 நின்றால் அதிகம். நோட்டீசும் 8 வாரத்திலிருந்து 4 வாரமாகச் சுருங்கிவிடும். 12 மாதமே முடியாதவருக்கு அந்த இழப்பீடும் இல்லை.

"போன தடவைதான் சொக்சோவில் வாங்கிட்டியே, மறுபடியும் போய் நிப்பியா? பேசாம இபிஎஃப்ல எடு மச்சான்" என்றான் என் மனைவியின் அண்ணன். சொக்சோ என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இபிஎஃப் என்றால் ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமநிதி. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஒருமுறை வாங்கினால் கணக்கு முடிந்துவிட்டது என்று. அப்படி இல்லை. சொக்சோவின் வேலை காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு நம்மிடம் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு போடுகிறார். ஒவ்வொரு வேலை இழப்புக்கும் புது மனு, புதுக் கணக்கு.

சரி, இபிஎஃபை முதலில் பார்த்துவிடுவோம், சீக்கிரம் முடிந்துவிடும். 2024 மே 11இல் வந்த ஃபிளெக்சிபல் கணக்கில் 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் 3,000 சம்பளத்துக்கு இருபக்கமும் சேர்த்து மாதம் 720 போகிறது, அதில் 10 விழுக்காடு, அதாவது 72 ரிங்கிட், அந்தக் கணக்கில் விழும். பதினான்கு மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். 2024க்கு 6.3 விழுக்காடு ஈவு கொடுத்த காசை எடுத்து ஒரு மாத வீட்டு வாடகையும் மின்சார பில்லும் கட்டலாம், அவ்வளவுதான்.

சொக்சோவின் வேலை காப்புறுதியில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அடுத்த இரண்டு மாதமும் 40, கடைசி இரண்டு மாதமும் 30. ஆறு மாதமும் கிடைத்தால் 8,100 ரிங்கிட். எனக்குச் சந்தாவைப் பார்த்து மூன்று மாதம்தான் என்றார்கள், அதுவே 5,100. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு செய்துவிட வேண்டும். மாதாமாதம் வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டுவது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்படியும் தேடத்தானே போகிறோம்?

இதில் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு, அது எச்ஆர் அறையில் நடக்கும். என் முன்னால் இரண்டு தாள் வைத்தார்கள். ஒன்று ஆள்குறைப்புக் கடிதம். இன்னொன்றில் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று மலாயில் ஏற்கெனவே டைப் செய்து, பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் கோடு விட்டிருந்தது. அடுத்த வேலைக்குப் போகும்போது பார்க்க நல்லா இருக்கும் என்றார் அந்த அம்மா, தண்ணீர் கிளாஸைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தக் கோட்டில் கையெழுத்து போட்டிருந்தால் 5,100 போயிருக்கும், ஏனென்றால் தானாக விலகியவருக்குக் காப்புறுதி கிடையாது. நடத்தைக் குற்றத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. நியாயமில்லாமல் அனுப்பினார்கள் என்று தோன்றினால் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் அதே 60 நாள்தான், ஆனால் அது உடனே அடுப்பெரிக்கிற காசு இல்லை.

அப்புறம் மூன்றாவது வழி, கிடைத்த வேலையில் ஏறிக்கொள்வது. கிராப் வாடகைக் கார் ஓட்டலாம், ஆனால் சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டம் விபத்துக்குத்தான், சவாரி குறைந்தால் கேட்க முடியாது. எனக்கு இரண்டு வேலை வந்தன: தீவிலேயே ஓராண்டு காண்ட்ராக்ட், 3,400, பாலத்துக்கு அப்பால் பிறையில் நிரந்தரம், 2,700. வீட்டில் எல்லாரும் 3,400 பக்கம். ஆனால் காண்ட்ராக்ட் தவணை முடிந்து வெளியே வந்தால் அது வேலை இழப்பு என்று கணக்கில் வராது, சந்தா பிடித்திருந்தாலும் சரி. இரண்டு தடவை அடிபட்டவன் மாதம் 700 ரிங்கிட்டுக்காக அந்த வாசலையும் அடைத்துக்கொள்வதா?

பிறைக்கே போனேன். ஒரு மாதப் பணம்தான் வாங்கியிருந்தேன், மீதி இரண்டு மாதத்துக்கான 2,700இல் 25 விழுக்காடு, 675 ரிங்கிட், சீக்கிரம் வேலைக்குச் சேர்ந்ததற்காக மொத்தமாக வந்தது. நல்லவேளை, 2019லிருந்து பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. மழை நாளில் மட்டும் மச்சான் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான், போகிற வழியெல்லாம் அந்த 3,400ஐப் பற்றியே பேசிக்கொண்டு.