உறைந்த எலிக்குஞ்சுப் பொட்டலமும் உண்ண மறுத்த பாம்புக்குட்டியும்

பொரிந்து மூன்று வாரமே ஆகியிருந்த, ஏழு கிராம் எடையுள்ள என் கார்ன் ஸ்நேக் குட்டிக்காக, உறையவைத்த சுண்டெலிக்குஞ்சுகள் 20 அடங்கிய பொட்டலம் ஒன்றை வாங்கினேன். பாம்பு வளர்ப்போர் 'பிங்கி' என்று அழைக்கும், மயிர் முளைக்காத, பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகள் அவை. அளவு விஷயத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை கிராமுக்குள் இருந்தது, குட்டியின் உடலில் மிகத் தடித்த இடத்தைவிடச் சற்றே பருமனாக இருந்ததால் விழுங்கத் தோதான அளவுதான்.

குறை பொதியலில் இருக்கிறது. குஞ்சுகளைத் தனித்தனியாக உறையவைக்காமல் ஒன்றாகக் கொட்டி மூடியிருந்ததால் அவை பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தன, கத்தி முனையால் பிரித்தபோது இரண்டின் தோல் கிழிந்தது. வெந்நீரில் போட்டு உருக்கவும் என்பதற்கு மேல் உள்ளிருந்த குறிப்புத்தாளில் எதுவும் இல்லை. அதை நம்பிக் கொதிநிலைக்கு அருகிலிருந்த நீரில் இட்ட குஞ்சின் வயிறு வெடித்துவிட்டது. சிறு பையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் உருகவிட்டு, கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பாகக் கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் நீரில் அந்தப் பையோடு அமிழ்த்தி எடுப்பதே சரியான முறை. மைக்ரோவேவ் அடுப்பு கூடவே கூடாது. உறைநிலையில் சால்மோனெல்லா கிருமி சாவதில்லை என்பதால் கையையும் இடுக்கியையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கையையாவது அத்தாளில் அச்சிட்டிருக்கலாம்.

இனி, குட்டி ஏன் உண்ணவில்லை என்பது. முதல் நாள் இடுக்கியில் நீட்டியபோது அது கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, வாலைப் படபடவென ஆட்டி, ஒருமுறை கொத்திவிட்டு ஒதுங்கியது. பசியால் கொத்துகிறது என்று நானும் விடாமல் நீட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அச்சம். ஐந்து நாள் கழித்து, காற்றுத் துளையிட்ட சிறிய டப்பாவில் குட்டியையும் குஞ்சையும் ஒன்றாக விட்டு, கூண்டின் வெப்பமான பக்கத்தில் இரவு முழுதும் வைத்தேன். அந்தப் பக்கத்தில் 29 டிகிரி இருப்பதைத் தெர்மோஸ்டாட்டில் பார்த்துக்கொண்டேன். உடல் சூடில்லாமல் பாம்புக்குச் செரிமானம் நடக்காது. சட்டை உரிக்கும் தருணமாக இருந்தால் கண் பால் படர்ந்தாற்போல் மங்கியிருக்கும், அதுவும் இல்லை. ஆயினும் காலையில் குஞ்சு வைத்த இடத்திலேயே கிடந்தது.

இந்த இனத்தின் குட்டிகள் காட்டில் சிறு பல்லிகளையும் தவளைகளையும் தின்பவை. எலியின் வாடையை உணவென்று அறியாத குட்டிக்கு எவ்வளவு தரமான எலிக்குஞ்சைக் கொடுத்தும் பயனில்லை. பல்லி வாடைத் திரவம் புட்டியில் விற்கிறார்கள். நான் அதை வாங்காமல், நண்பர் வளர்க்கும் கெக்கோ பல்லி உரித்த தோலில் நகமளவு துண்டை நனைத்துக் குஞ்சின் தலையில் தேய்த்து ஒட்டினேன். இருண்ட டப்பாவுக்குள் முதலில் நாக்கு நீட்டி நீட்டி இழுக்கும் அசைவு தெரிந்தது, பின்பு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு தலைப்பக்கமாகக் கவ்வி, தாடைகளை மாறி மாறி நகர்த்தி விழுங்கத் தொடங்கியது. மூச்சுவிடவும் தயங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் இரண்டு நாள் குட்டியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு தோல் துண்டின் அளவை வாரந்தோறும் குறைத்தேன். நான்காம் முறை வெறும் எலிக்குஞ்சையே எடுத்துக்கொண்டது. இப்போது எடை பதினொரு கிராம். பொட்டலத்தில் கிழிந்தவையும் வெடித்ததும் மறுக்கப்பட்டவையுமாக ஐந்து வீணாயின. இதே அளவுக் குஞ்சுகளை மீண்டும் வாங்குவேன், ஆனால் தனித்தனிப் பையில் அடைத்து விற்பவரிடம்.