எட்டாவது ஃபோன்

ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினியை வைஃபை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது ஃபோன்கள் வந்து இணையும் வைஃபை மையமாக, ஓட்டுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஈப்போ மச்சான் விடுவதாக இல்லை. "நானும் ஒன்று வாங்கட்டுமா?"

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு பழைய தோட்டத்து லய வீடுகளை ஒட்டியது. மோடம் முன்னால் மளிகைக் கடையில். பின்கட்டில் மாலையில் மனைவி எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கடை வைஃபை அதுவரை எட்டாது. அதனால் ஒரு லேன் கேபிளைப் பின்னால் இழுத்து, முனையில் ராஸ்பெரி பையை மாட்டினேன்.

அமைப்பது இப்போது சுலபம். முன்பு வைஃபையை ஒலிபரப்ப ஹோஸ்ட்ஏபிடி, முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் என்று இரண்டு மென்பொருளையும் தனித்தனியாக மேய்க்க வேண்டும். 2023-இல் இதன் இயங்குதளத்தின் புக்வர்ம் பதிப்பு வந்த பிறகு, அதிலுள்ள நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளில் ஹாட்ஸ்பாட் கட்டளை ஒரே வரி, 10.42.0 என்று தொடங்கும் முகவரிகளை அதுவே பிரித்துக் கொடுக்கும். நாட்டை மலேசியா என்று குறித்துவிட்டு, ஆட்டோகனெக்ட்டையும் போட்டுவிட வேண்டும். இடி மழையில் கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்ளும்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். ஏழு ஃபோன் வரை தங்கமாக ஓடியது. எட்டாவது பையனுக்கு மட்டும் 'இணைக்க முடியவில்லை'. பாஸ்வேர்ட் சரி, சிக்னல் முழுசு. காரணம் சொல்ல ஒரு நாதியில்லை. பிள்ளைகளே ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: "டேய், உன் வைஃபையை ஆஃப் பண்ணுலா, எனக்குக் கேள்வித்தாள் இறங்கட்டும்." கணக்கு வகுப்பு ஏலக்கடை மாதிரி ஆனது.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சின்ன வைஃபை சிப்பின் நினைவகம் அவ்வளவுதான். கூடுதல் வசதிகளைக் கழித்து இடம் பண்ணிய 'மினிமல்' ஃபர்ம்வேரும் (சிப்பை இயக்கும் மென்பொருள்) கூடவே இருக்கிறது. அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளையில் அதைத் தேர்ந்து ரீபூட் செய்தால் இருபதுக்கு அருகில் வரை தாங்கும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டி வாயைத் திறக்காமல் இருந்தால் கோபம் வராதா?

இப்போது எல்லாரும் உள்ளே. ஆனால் ஒருவன் யூடியூப் திறந்தால் மற்றவர்களுக்குப் பக்கம் நகராது. ஒற்றை ஆண்டெனா, வேறென்ன எதிர்பார்ப்பது?

எனக்குப் பிடித்தது வேறு. பழைய கேள்வித்தாள்களை எல்லாம் ராஸ்பெரி பையிலேயே ஒரு சின்ன வெப் சர்வரில் போட்டு வைத்திருக்கிறேன். மோடம் படுத்த அன்றும் பிள்ளைகள் அதே வைஃபையில் தாளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பாடம் முடியும்வரை இன்டர்நெட் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆகவே மச்சான், வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது வீட்டு வைஃபை. நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு சாதாரண ரவுட்டர் இதைவிட நன்றாகவே செய்யும். நான் ஹாலுக்கு இன்னொரு ராஸ்பெரி பை வாங்கப் போகிறேன். வரும்போது ஈப்போவிலிருந்து நல்ல லேன் கேபிள் ஒன்று வாங்கி வாருங்கள். இங்கே கிடைப்பதில் கிளிப் நிற்பதில்லை.