பாம்பன் படகுப் பட்டறையில் செய்த துப்பாக்கிப் பிடி

சிறிய கைத்துப்பாக்கியை வாங்கிவிட்டுக் குறி தவறுகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் தங்கள் சுண்டுவிரலைக் கவனிக்க வேண்டும். அது பிடியின் மேல் இருக்கிறதா, அடியில் மடங்கிக் கிடக்கிறதா, காற்றில் நிற்கிறதா? பெரும்பாலானோர் குழல் குட்டை என்பதால்தான் குண்டு சிதறுகிறது என்று நம்புகிறார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி குழல் அல்ல, பிடி. அதை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீட்டித் தந்த ஒரு மரவேலைப் பட்டறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பாம்பனில், வள்ளங்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது.

மத்திய ஆயுதப் படை ஒன்றில் ஆயுதப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது உச்சிப்புளிப் பக்கம் குடியிருக்கிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் என் கைக்குப் பழகியது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் பிஸ்டல். பிரவுனிங் ஹை-பவர் வடிவம். பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் 13 தோட்டாக்கள், முழு நீளப் பிடி, ஐந்து விரலுக்கும் இடம். அப்படிப் பழகிய கைக்குச் சின்னத் துப்பாக்கி முதலில் அந்நியமாகவே தோன்றும்.

இப்போது வைத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் குட்டைக் காற்றுத் துப்பாக்கி. 12 கிராம் குப்பி, 4.5 மில்லிமீட்டர் எஃகு மணிக் குண்டுகள். சுடும்போது மேல்தகடு பின்னால் ஓடித் திரும்புவதால் கையில் ஒரு சிறு உதைப்பு தெரியும். குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருப்பதால் இதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் பார்வைக்கு அசல் போலவே இருக்கும். கடலோரக் காவலும் கடற்படையும் நடமாடும் கரை இது. பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். இடுப்பில் செருகிக்கொண்டு தோப்புப் பக்கம் நடப்பது அறிவற்ற செயல்.

துப்பாக்கியில் குறை சொல்ல அதிகம் இல்லை. மணல் மூட்டையின் மேல் கையைத் தாங்கி 6 மீட்டரில் சுட்டால் துளைகள் 4 சென்டிமீட்டருக்குள் அடங்குகின்றன. இந்த வகைக்கு அது நல்ல கணக்கு. எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டால்தான் நிலைமை மாறும். முதல் குண்டு நடுவில் விழும். அடுத்தடுத்தவை இடப்பக்கம் கீழே சரிந்துகொண்டே போகும். வலக்கைக்காரர்களுக்கு இந்தச் சரிவு நன்கு தெரிந்த நோய். ட்ரிகரை இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி மூக்கைக் கீழே சாய்த்துவிடுகின்றன. முழுப் பிடியில் சுண்டுவிரல் முன்பே ஒரே அழுத்தத்தில் உட்கார்ந்திருப்பதால் இந்த இறுக்கம் அடங்கிவிடும். குட்டைப் பிடியில் அந்த விரல் மேகசினின் அடியில் மடங்கி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் அழுத்துகிறது. இடக்கைக்கும் அதே வறுமைதான். தாங்கிப் பிடிக்க வந்த விரல்களுக்குக் கீழே பற்ற ஒன்றும் இல்லை.

இந்தச் சாய்வு எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். துப்பாக்கியின் மேல் குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 6 மீட்டரில் குண்டு 40 மில்லிமீட்டர் விலகும். 10 மீட்டரில் ஏறக்குறைய 67 மில்லிமீட்டர். ஒரு விரல் இடம் தேடி நெளிவதற்கு 1 மில்லிமீட்டர் தாராளம்.

துப்பாக்கி செய்கிறவர்களுக்கு இது தெரியாதது அல்ல. ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929-இல் பிபி என்ற பிஸ்டலையும், 1931-இல் அதன் பிடியையும் குழலையும் குறைத்துப் பிபிகே-யையும் கொண்டுவந்தது. 1968-இல் அமெரிக்கா இறக்குமதிச் சட்டத்தை இறுக்கியபோது பிபிகே-யின் உயரம் போதாமல் போயிற்று. உடனே குட்டை மேல்பகுதியைப் பழைய பிபி-யின் நீளப் பிடியில் ஏற்றிப் பிபிகே/எஸ் என்று விற்றார்கள். சட்டத்துக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் பிடிக்குச் சற்று இடமும் ஒரு தோட்டாவும் கூடுதலாகக் கிடைத்தன. 2018-இல் க்ளாக் நிறுவனம் 19எக்ஸ் என்ற மாடலில் இதையே விரும்பிச் செய்தது: நடுத்தர 19-இன் மேல்பகுதி, பெரிய 17-இன் பிடி. அதே 2018-இல் 10 தோட்டாக்களுடன் வந்த, சிக் சாவர் நிறுவனத்தின் பி365-க்கு அடுத்த ஆண்டே 12 தோட்டாக்கள் கொள்ளும் நீண்ட பிடியுடன் எக்ஸ்எல் வந்தது. பிறகு ஏன் குட்டைப் பிடியைச் செய்கிறார்கள்? மறைத்துச் செல்கிறவர்களுக்காக. குழல் இடுப்புக்குள் இறங்கிவிடும், சட்டைக்கு வெளியே துருத்துவது பிடிதான். எனக்கு மறைக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. ஆகவே நீட்டிவிடத் தீர்மானித்தேன்.

இணையத்தில் கிடைக்கும் பிளாஸ்டிக் நீட்டிப்புகள் எதுவும் என் மேகசினுக்குப் பொருந்தவில்லை. பாம்பன் பட்டறையில் இருக்கும் ஆசாரிக்குத் துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாது. அதை அவர் தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, காலி மேகசினையும் களிமண்ணில் அழுத்திய என் கைப்பிடி அச்சையும் கொண்டு போனேன். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுக்கான் கட்டையும் இப்படித்தான் அண்ணே. கடைசி விரலுக்குக் கட்டை இல்லையென்றால் அலை அடிக்கும்போது கை திருகிவிடும்" என்றார். நான் வருடக்கணக்கில் வகுப்பெடுத்த பாடத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

மரம் பூவரசு. கொல்லையில் வெட்டி நன்றாகக் காய்ந்த கட்டை, உள்வயிரம் கருஞ்சிவப்பு. மேகசினின் அடித்தட்டு உட்காரும் பள்ளத்தை உளியால் சிறிது சிறிதாகக் குடைந்தார். ஒவ்வொரு சீவலுக்கும் மேகசினை வைத்துப் பார்ப்பார், விளக்கு வெளிச்சத்தில் இடைவெளி தெரிகிறதா என்று நோக்குவார், மறுபடி எடுப்பார். குப்பியை இறுக்கும் திருகாணிக்குச் சாவி நுழைய அடியில் துளை வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கும் முன்பே, அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டார். இணைப்புக்கு இரண்டு பித்தளைத் திருகாணிகள். இரும்புத் திருகாணி இந்தக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் படகு வேலைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பக்கம் சுண்டுவிரல் பதியும் இடத்தில் மட்டும் ஆழமில்லாத ஒரு வளைவு. கூலி 600 ரூபாய். அந்த வேலைக்கு அது மிகக் குறைவு, நான் கூட்டித் தந்ததையும் அவர் வாங்கவில்லை.

பலன் உடனே தெரிந்தது. மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டபோது எந்த மாற்றமும் இல்லை, அதே 4 சென்டிமீட்டர். இருக்கவும் முடியாது, குழல் அதேதானே. நின்று சுட்டபோது இடப்பக்கச் சரிவு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது இரண்டாவது குண்டு. உதைப்புக்குப் பிறகு முன் குறி தானாகப் பின் குறியின் பள்ளத்துக்குள் வந்து நிற்கிறது. கையை மாற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. வியர்வை வழியும் மதியத்தில்தான் இதன் அருமை முழுவதும் தெரியும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் மரத்துக்குப் படகு வார்னிஷ் பூசிப் பளபளவென்று கொடுத்தார். உப்புக்கு அது நல்ல கவசம்தான், ஆனால் ஈரக் கையில் வழுக்குகிறது. திரும்பக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் மட்டும் சுரண்டி, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கீறல்கள் போடச் சொன்னேன். செய்தார், காசு கேட்கவில்லை. கீறல்கள் சீராக இல்லை, இடப்பக்கம் சற்று ஆழம். பார்வைக்கு உறுத்தலாம், கைக்கு உறுத்தவில்லை.

காற்றுத் துப்பாக்கிக்காரர்கள் நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பம் ஏற ஏறக் குப்பியின் அழுத்தம் கூடும். 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே திரவமே நிற்காது. அதனால் நண்பகலில் குண்டு வேகமாகப் போகும், தொடர்ந்து சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் குறையும். பிடியைச் சோதிக்க விரும்புகிறவர்கள் காலையில், இடைவெளி விட்டுச் சுட வேண்டும். இல்லாவிட்டால் குப்பியின் குறையைப் பிடியின் மேல் ஏற்றிவிடுவீர்கள். கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் திறந்த வெளியில் சோதிக்கவே வேண்டாம். எஃகு மணி கடினமான எதில் பட்டாலும் திரும்பி வரும். கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது, இலக்குக்குப் பின்னால் தடித்த சாக்கு தொங்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்த நீட்டிப்பு தேவைப்படாது. என் தங்கை மகள் கல்லூரியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயில்கிறாள். போட்டித் துப்பாக்கி ஒரு கையால் பிடிப்பது, 420 மில்லிமீட்டர் நீளப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதன் மரப் பிடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டைக் கைக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கலாம். அவள் என் துப்பாக்கியை இரண்டு விதமாகவும் சுட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை மாமா, ட்ரிகர்தான் எட்டவில்லை" என்றாள். அவள் கை சிறியது. குட்டைப் பிடியிலேயே நான்கு விரலும் அடங்கிவிடுகின்றன. அவளுக்குக் குறைய வேண்டியது பிடியின் சுற்றளவு. உங்கள் சுண்டுவிரல் ஏற்கெனவே பிடியில் பதிகிறதென்றால் 600 ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

அந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்க்கவும். படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்க வரிசையில் நிற்கும்போது உங்கள் 2 சென்டிமீட்டர் மரத்துக்கு யாருக்கும் நேரம் இருக்காது. காலி மேகசின், களிமண் அச்சு, குப்பித் திருகாணியின் சாவி மூன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் தேய்த்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.