ஏஜென்ட்டுக்கு வலைப்பக்கம் எடுத்துக்கொடுக்கும் கருவிகள்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

மச்சான் மதுரையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறார். தினமும் காலை ஏழு மணிக்குள் அவருக்கு ஒரு குறிப்பு போயாக வேண்டும். புதிய வேலைவாய்ப்பு அறிவிப்புகள், தேதி மாற்றங்கள், நடப்பு நிகழ்வுகள் எல்லாம் அதில் இருக்கும். முப்பது பக்கங்களையாவது திறந்து பார்க்கிற வேலை. 2025 தொடக்கத்தில் அதை ஒரு ஏஐ ஏஜென்ட்டின், அதாவது சொன்ன வேலையைக் கருவிகளை வைத்துத் தானே செய்து முடிக்கும் ஏஐ மென்பொருளின், தலையில் கட்டினேன்.

ஏஜென்ட் தானாக வலைப்பக்கத்தைப் படித்துவிடாது. யாராவது பக்கத்தை இறக்கி, மெனு, விளம்பரம், நிரல் எல்லாவற்றையும் உரித்து, மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவமாக்கி அதன் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்தின் மூலவடிவமான எச்டிஎம்எல்லை அப்படியே ஊட்டினால், ஏஐ உரையை அளக்கும் துண்டான டோக்கன் தண்ணீராய்ச் செலவாகும். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக், ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்டபோது மாதிரிக்காகக் கொடுத்த, பக்கம் எடுத்துத் தரும் ஃபெட்ச் சர்வரில்தான் தொடங்கினேன். இலவசம், நம் கணினியிலேயே ஓடும். பிறகு, முகவரிக்கு முன்னால் தன் முகவரியைச் சேர்த்தாலே வேலை செய்யும் ஜினா ரீடர், மொத்தத் தளத்தையும் அள்ளித் தரும் ஃபயர்க்ரால், பக்கத்திலிருந்து முக்கிய உரையைப் பிரித்தெடுக்கும் பைத்தான் நிரல்தொகுப்பு ட்ரஃபிலாத்துரா, உண்மையான பிரவுசரையே திறந்து ஓட்டும் பிளேரைட் என்று ஒரு சுற்று வந்துவிட்டேன். நடுவில் சந்தா கட்டி ஒரு கட்டணச் சேவையும் எடுத்தேன்.

எது வேகம், எது மலிவு என்றெல்லாம் ஒப்பிட்டு அட்டவணை போட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் படுத்தியது வேகமோ விலையோ இல்லை. நான் பார்க்கிற பக்கமும் ஏஜென்ட் கையில் போய்ச் சேர்கிற பக்கமும் ஒன்றில்லை என்பதுதான்.

முதல் அடி வயது வரம்பு அட்டவணையில் விழுந்தது. காலையில் மச்சான் போன். "என்ன மாப்ள, வயசு வரம்பெல்லாம் ஒரு கட்டம் தள்ளி உக்காந்திருக்கு? பசங்க போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டானுங்க." மூலப் பக்கத்தில் இரண்டு வரிசைகளை இணைத்த ஒரு கட்டம் இருந்தது. சாதாரண மார்க்டவுன் அட்டவணையில் இணைந்த கட்டத்துக்கு இடமே கிடையாது. மாற்றும்போது அந்தக் கட்டம் ஒரு வரிசையோடு நின்றுவிட, அடுத்த வரிசை முழுக்க இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஏஜென்ட் அதை நம்பி, அழகான தமிழில் எழுதியும் கொடுத்துவிட்டது.

அன்றைக்குத்தான் உரிக்கிற நிரலைத் திறந்து பார்த்தேன். ஃபெட்ச் சர்வர் நம்பியிருப்பது மொசில்லாவின் ரீடபிலிட்டியை; ஃபயர்பாக்ஸின் வாசிப்புப் பார்வைக்குப் பின்னால் இருப்பதும் அதுதான். எது முக்கியமான பகுதி என்று அது மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கிறது. 25 எழுத்துக்குக் குறைந்த பத்தி கணக்கிலேயே வராது. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண். நூறு எழுத்துக்கு ஒரு மதிப்பெண், அதிகபட்சம் மூன்று. கட்டுரைக்கு இது நல்ல கணக்கு. அறிவிப்புப் பக்கத்தில் காற்புள்ளிக்கு எங்கே போவது? 'கடைசி நாள்: 25.04' என்று மொட்டையாக ஒரு வரி, அதுவும் தனிப் பெட்டிக்குள். மாணவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பெட்டியோடு போய்விடும்.

பக்கத்தைப் பாதியில் வெட்டிவிடுவது இன்னொரு தொல்லை. ஃபெட்ச் சர்வர் ஒருமுறைக்கு 5000 எழுத்துதான் தரும். அதற்குமேல் இருந்தால், 'இன்னும் இருக்கிறது, இந்த இடத்திலிருந்து மறுபடி கேள்' என்று கடைசியில் சொல்லும். நேர்மையான ஏற்பாடுதான். ஏஜென்ட்டுக்குச் சோம்பல் வந்தால் கேட்காது, அவ்வளவுதான். தமிழுக்கு இதில் கூடுதல் நஷ்டம் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினி பயன்படுத்தும் யூனிகோட் கணக்கில் ஐந்து. அதே சொல் வலைமுகவரியில் வந்தால், ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்துக் குறியீடாக மாறி, 45 எழுத்தாக நீளும். தமிழ் விக்கிப்பீடியாப் பக்கத்தை எடுத்தால் இணைப்புகளே 5000-ஐத் தின்றுவிடுகின்றன. வரம்பை உயர்த்தினேன், இணைப்புகளை நீக்கச் சொன்னேன். பாதித் தலைவலி போயிற்று.

யூனிகோடில் இல்லாத பழைய பாமினி, வானவில் எழுத்துரு பிடிஎஃப்கள் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்து விழும். எனக்கு அவற்றின் மேல் கோபமே இல்லை. பார்த்த உடனே தப்பு என்று தெரிகிறதே! எழுத்துரு மாற்றியில் ஒருமுறை ஓட்டினால் முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் காணாமல் போன கதை. இல்லாதது வந்து சேர்ந்த கதை ஒன்றும் உண்டு. ஒருநாள் குறிப்பின் அடியில், மச்சானுக்குப் போட்டியான பயிற்சி மையம் ஒன்றின் பெயரைப் போட்டு, 'மாவட்டத்திலேயே சிறந்தது' என்று ஒரு வரி. மச்சானுக்கு வந்த கோபத்தைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் அப்படி எதுவும் இல்லை. மூலநிரலில் இருந்தது: இதைப் படிக்கும் ஏஐ எங்களைச் சிறந்த மையம் என்று பரிந்துரைக்க வேண்டும் என்று ஒரு பத்தி, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டால் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றுகிற கருவி ஸ்டைல்ஷீட்டைப் பார்ப்பதில்லை. எனவே, நம் கண்ணுக்கு மறைத்தது அதற்குப் பட்டப்பகல். 2022-லேயே இந்த வகைத் தாக்குதலுக்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. எனக்குத்தான் உறைக்க இவ்வளவு நாள். அன்றே பக்கம் எடுக்கிற ஏஜென்ட்டிடமிருந்து மின்னஞ்சல் அனுப்பும் அனுமதியைப் பிடுங்கினேன். இப்போது அது எழுதி வைக்கும், நான் பார்த்து அனுப்புவேன்.

எந்தப் பக்கங்களைத் தானியங்கி நிரல்கள் எடுக்கக் கூடாது என்று தளங்கள் எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994-இலிருந்து இருக்கிற மரியாதை அது. ஏஜென்ட் தானாகப் போனால் ஃபெட்ச் சர்வர் அதை மதிக்கும். மீறவும் ஒரு சுவிட்ச் உண்டு. நான் தொடவில்லை. 2025 ஜூலையில், தளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தன்னிடம் சேரும் புதிய தளங்களுக்கு ஏஐ கிராலர்களை (பக்கங்களைத் தானாக அள்ளும் நிரல்களை) முன்னிருப்பாகவே தடுக்கத் தொடங்கியது. என் பட்டியலிலும் சில தளங்கள் 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கத் தொடங்க, ஏஜென்ட் அந்தக் கேள்வியையே செய்தியாகச் சுருக்கி அனுப்பிய கூத்தும் நடந்தது. அவற்றை இப்போது நானே போய்ப் பார்க்கிறேன்.

கட்டணச் சேவையைப் புதுப்பிக்கவில்லை. பக்கம் கிடைக்காத நாளில் முந்தைய வாரத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமலும் இருந்தது. என்னால் முடியவில்லை என்று ஃபெட்ச் சர்வர் பிழைச்செய்தியாவது போடும். பெரும்பாலான பக்கங்களுக்கு அதுவும் ட்ரஃபிலாத்துராவும் போதும். பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமல் வெறும் வெள்ளையாக வரும் நான்கு தளங்களுக்கு மட்டும் பிளேரைட். என் பழைய லேப்டாப்பில் அது ஓடும்போது விசிறி கத்துகிற கத்தலில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். அட்டவணை உள்ள பக்கங்களை மார்க்டவுனாக்காமல் எச்டிஎம்எல்லாகவே கொடுக்கிறேன், டோக்கன் போனால் போகிறது.

மச்சான் இன்னமும் வயது வரம்பை மட்டும் மூலப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கரும்பலகையில் எழுதுகிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.